தினமும் மூன்று அதிகாரம் வாசிக்கிறேன், மண்டிக்குள் போனதும் எதுவும் நிற்பதில்லை

மண்டி_கணக்கு (காவேரிப்பட்டணம்) | ஜூன் 11, இரவு 10:52

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாங்கா மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வேத வாசிப்பில் நான் குறை வைத்ததில்லை. வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரம். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருஷத்துக்குள் முடியும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதோடு தேதிக்கு ஒரு நீதிமொழிகள் அதிகாரம். நாலரைக்கு எழுந்தால் பிள்ளைகள் விழிப்பதற்குள் முடித்துவிடலாம். முழு வேதத்தையும் இரண்டு முறை முடித்து மூன்றாவது முறை போய்க்கொண்டிருக்கிறேன்.

இன்று பதினொன்றாம் தேதி, பதினொன்றாம் அதிகாரம். முதல் வசனமே இதுதான்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." வாசித்தேன், ஜெபித்தேன், குளித்துவிட்டு மண்டிக்குப் போனேன்.

ஏழு மணிக்கு வேப்பனப்பள்ளி பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் 38 கிரேட் பெங்களூரா மாங்காய் கொண்டுவந்தார். எடை போட்டதும் காலி கிரேட்டின் எடையைக் கழிக்க வேண்டும். எங்கள் கிரேட் காலியாக 1 கிலோ 800 கிராம். நாங்கள் கழிப்பது இரண்டரை கிலோ. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். துண்டுச் சீட்டில் "கிரேட் கழிவு 95" என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவர் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, சரியா இருக்குமில்ல?"

"சரியா இருக்குங்க ஐயா" என்றேன்.

சொல்லி வாயை மூடுவதற்குள் காலையில் வாசித்தது ஞாபகத்துக்கு வந்தது. பொய் சொன்ன பிறகு வருகிறது! 26 கிலோ 600 கிராம், கிலோ இருபது ரூபாய், 532 ரூபாய். போன மாதம் பதினொன்றாம் தேதியும் இதே வசனத்தைத்தான் வாசித்தேன். அதற்கு முந்தின மாதமும்.

இத்தனை வருஷ வாசிப்பு எனக்குள் எங்கே போகிறது? நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஆறுதலுக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

எலத்தகிரி_டீச்சர் | ஜூன் 12, காலை 6:20

தம்பி, நான் கத்தோலிக்கப் பெண். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். உங்களை நான் குறை சொல்லப் போவதில்லை. ஏழு மணிக்கு அந்த வசனம் உங்களைப் பிடித்தது என்றால் அது உள்ளே போய்த்தான் இருந்திருக்கிறது. வெளியே வருவதற்குத்தான் தாமதமானது.

எங்கள் வீட்டில் ஒரு பசு இருக்கிறது. காலையில் வரப்போரம் அவிழ்த்து விட்டால் அரை மணி நேரத்தில் மடமடவென்று மேய்ந்துவிடும். பிறகு புளியமரத்தடியில் படுத்துக்கொண்டு மதியம் வரைக்கும் அசைபோடும். பால் அந்த அசைபோடலில்தான் ஊறுகிறது என்று என் மாமியார் சொல்வார். நீங்கள் மேய்கிறீர்கள், தம்பி, நன்றாகவே மேய்கிறீர்கள். படுத்து அசைபோட உங்களுக்கு நேரமே இல்லை.

முதல் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" என்று வருகிறதே, அந்த எபிரேயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுப்பது என்றுதான் பொருள். ஏசாயா 31:4-ல் இரையைப் பிடித்துக்கொண்டு உறுமும் சிங்கத்துக்கும் அதே சொல்தான். கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருப்பது மட்டும் தியானம் என்று நாமாக நினைத்துக்கொண்டோம். வாயில் வைத்து விடாமல் உருட்டுவதும் தியானம்தான்.

12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ இதை நான்கு படியாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், செபம், அதற்குப் பிறகு ஆண்டவருடைய சமூகத்தில் சும்மா இருப்பது. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, செபத்தில் ருசி தெரிகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். எங்கள் பசுவை அவர் பார்த்ததில்லை, ஆனால் சொன்னது அதுதான்.

நான் செய்வது: அன்றைய திருப்பலி வாசகத்தில் நற்செய்தியை வாய்விட்டு இரண்டு முறை வாசிப்பேன். எந்தச் சொல் காலைத் தடுக்குகிறதோ அந்த ஒரு சொல்லோடு எழுந்துவிடுவேன். பாத்திரம் கழுவும்போது, செடிக்குத் தண்ணீர் விடும்போது அதுதான் வாயில். வாசகத்தை நான் தேர்ந்தெடுப்பதில்லை என்பது பெரிய பாதுகாப்பு. ஞாயிறு வாசகம் மூன்று வருஷச் சுற்று, வார நாள் முதல் வாசகம் இரண்டு வருஷச் சுற்று. எனக்குப் பிடித்ததையே சுற்றிச் சுற்றி வர முடியாது.

ராயக்கோட்டை_விசுவாசி | ஜூன் 12, காலை 9:05

டீச்சரம்மா சொல்வதில் பாதி எனக்கு ஒத்துவருகிறது. ஆனால் பிரதர், மூன்று அதிகாரத்தை விட்டுவிடாதீர்கள். இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு நாள் முழுக்க நடப்பது நல்ல பழக்கம்தான். முழு வேதத்தையும் தெரியாதவன் அப்படி நடந்தால் எங்கே போய் நிற்பான்? புது வருஷ ராத்திரி ஆராதனையில் ஆளுக்கொரு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அதுதான். முந்தின வசனத்தை எத்தனை பேர் பார்க்கிறோம்? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகு என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று 5, 7 வசனங்களில் இருக்கிறது. அதை வாசித்தவனுக்குத்தான் பதினொன்றாம் வசனம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

உங்கள் தராசு விஷயமும் அப்படித்தான். லேவியராகமம் 19, உபாகமம் 25, நீதிமொழிகளில் 11-லும் 20-லும், ஆமோஸ் 8, மீகா 6. இத்தனை இடத்தில் கர்த்தர் தராசைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். ஆமோஸில் அந்த வியாபாரிகள் ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரிக்கிறவர்கள், எப்போது முடியும், தானியத்தை விற்கலாம் என்று காத்திருக்கிறவர்கள். அதை வாசித்தபோது என் முதுகில் அடி விழுந்தது போல இருந்தது. ஒரு வசனத்தை மட்டும் வைத்திருந்தால் ஏதாவது சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆறு இடத்தில் நின்றால் ஒதுக்க முடியாது.

பர்கூர்_வியாபாரி | ஜூன் 12, மதியம் 1:30

நானும் சபைக்குப் போகிறவன்தான். கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். மாங்காயில் பால் வடியும், தண்ணி வற்றும், அடியில் நசுங்கும். மண்டி வைத்திருப்பவன் அதையெல்லாம் எங்கே ஈடுகட்டுவான்? கழிவு என்பது எல்லா மண்டியிலும் உள்ள வழக்கம், விவசாயிக்கும் தெரியும். அதோடு நீங்கள் முதலாளி இல்லை, சம்பளத்துக்கு எழுதுகிறவர். பிள்ளைகள் இருக்கிறார்கள். சீசன் நேரத்தில் வேலையை இழந்துவிட்டு யாரிடம் போய் நிற்பீர்கள்?

மண்டி_கணக்கு | ஜூன் 12, இரவு 11:10

பர்கூர் அண்ணே, நீங்கள் கேட்டதை நானும் பகல் முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன். அழுகலுக்குத் தனியாகக் கழிக்கிறோம். கமிஷன் தனி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி தனி. கிரேட் எடை என்று எழுதிவிட்டு கிரேட் எடையை எழுதாமல் விடுவதுதான் என்னை உறுத்துகிறது. தண்ணி வற்றும் என்றால் "தண்ணி வற்று" என்று சீட்டில் எழுதிக் கழிக்கலாமே. பெரியவருக்கு அது தெரியட்டும், வேண்டாமென்றால் வேறு மண்டிக்குப் போகட்டும்.

இன்று பன்னிரண்டாம் அதிகாரம். டீச்சரம்மா சொன்னபடி வாய்விட்டு வாசித்தேன். 22ஆம் வசனத்தில் நின்றுவிட்டது: "பொய் உதடுகள் கர்த்தருக்கு அருவருப்பானவைகள், உண்மையாய் நடக்கிறவர்களோ அவருக்குப் பிரியம்." நேற்று தராசு, இன்று உதடு. மீதி மூன்று அதிகாரத்தை ராத்திரிதான் வாசித்தேன்.

ஓசூர்_நைட்ஷிப்ட் | ஜூன் 13, காலை 7:40

அண்ணா, ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டே எழுதுகிறேன். "அதிகாலையில்" என்று எல்லாரும் சொல்லும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்கு அதிகாலை என்பது மிஷின் முன்னால் நிற்கிற நேரம். மூன்று வருஷம் இதை நினைத்தே நான் சரியான விசுவாசி இல்லை என்று இருந்தேன்.

134ஆம் சங்கீதத்தை ஒருநாள் தற்செயலாகத்தான் பார்த்தேன். மூன்றே வசனம். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று ஆரம்பிக்கிறது. ராத்திரியில் நிற்கிறவனைக் கூப்பிட்டுப் பேசுகிற சங்கீதம்! 63ஆம் சங்கீதத்திலும் "இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்" என்று இருக்கிறது. இப்போது இரண்டு மணி டீ பிரேக்கில் ஒரு சங்கீதம். செல்போன் லாக்கரில் இருக்கும், அதனால் போகும்போதே ஒரு துண்டுப் பேப்பரில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். எண்ணெய்க் கறை படிந்து நான்கு மணிக்குள் படிக்க முடியாமல் போய்விடும், அதற்குள் மனப்பாடம் ஆகியிருக்கும்.

கிருஷ்ணகிரி_லூத்தரன் | ஜூன் 13, மாலை 5:15

எங்கள் லூத்தரன் மிஷன் 1895-ல் இதே கிருஷ்ணகிரியில்தான் வேலையைத் தொடங்கியது. தாத்தா காலத்திலிருந்து வீட்டில் சாயங்கால ஜெபத்துக்கு ஞானோபதேசம், அதாவது லூத்தர் எழுதின விசுவாசப் பாடம், சொல்வோம். அதில் "களவு செய்யாதிருப்பாயாக" என்பதற்கான விளக்கத்தில் கள்ளச் சரக்கும் கள்ள வியாபாரமும் வருகிறது. அடுத்தவன் பொருளும் பிழைப்பும் பெருகும்படி நாம் உதவ வேண்டும் என்றும் வருகிறது. பத்துக் கட்டளைகளில் எங்கள் எண்ணிக்கைப்படி அது ஏழாம் கற்பனை, கத்தோலிக்கருக்கும் அப்படியே. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் எட்டாவதாகச் சொல்வார்கள்.

1535-ல் லூத்தர் தனக்கு முடிதிருத்துகிற பேதுரு என்பவருக்கு, ஜெபிப்பது எப்படி என்று நீண்ட கடிதம் எழுதினார். ஒரு கற்பனையை எடுத்துக்கொள். இது எனக்கு என்ன போதிக்கிறது, எதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கை செய்ய வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று நான்கு இழையாக முறுக்கு என்றார். சவரக்கத்தியைப் பிடித்திருப்பவன் கண்ணையும் மனசையும் கத்தியிலேயே வைத்திருப்பான், வேறு நினைப்பில் இருந்தால் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவான், ஜெபமும் அப்படித்தான் என்று அவர் தொழிலை வைத்தே சொன்னார். உங்கள் கையில் தராசு இருக்கிறது. "எதை அறிக்கை செய்ய வேண்டும்" என்கிற மூன்றாவது இழையைத்தான் நாம் அவசரத்தில் விட்டுவிடுகிறோம் என்று தோன்றுகிறது. 532 ரூபாய் என்று நீங்கள் எழுதியதே ஓர் அறிக்கைதான்.

பாலக்கோடு_மகள் | ஜூன் 14, இரவு 9:30

எங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தக்காளி பறிக்கப் போய்விட்டு ஏழு மணிக்கு வருவாங்க. ராகிக் களி கிண்டிக்கொண்டே "வாசிடி" என்பாங்க. நான் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். களி கிண்டி முடிகிற வரைக்கும்தான் வாசிப்பு.

போன வாரம் 1 இராஜாக்கள் 17. சாறிபாத் ஊர் விதவையிடம் எலியா தீர்க்கதரிசி அப்பம் கேட்கிற இடம். ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான் இருக்கிறது, நானும் என் பையனும் சாப்பிட்டுச் செத்துப்போக இரண்டு விறகு பொறுக்குகிறேன் என்று அந்த அம்மா சொல்வாங்க. எங்க அம்மா துடுப்பை நிறுத்திவிட்டாங்க. "ரெண்டு வெறகா? ரெண்டுதானா?" என்று கேட்டாங்க. நான் அதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், விறகைக் கவனித்ததே இல்லை. அம்மாவுக்குத் தெரியும், இரண்டு விறகில் எவ்வளவு வேகும் என்று. மழை இல்லாத வருஷம் அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது நாங்கள் இருந்த இருப்பு அவங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

மறுநாள் காலையில் அம்மா ஒரு படி ராகி மாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு, புருஷனை இழந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தாங்க. எதுக்கும்மா என்று கேட்டதற்கு "நீதானே வாசிச்ச" என்றாங்க.

தர்மபுரி_கைக்குழந்தை | ஜூன் 15, மதியம் 3:00

இதையெல்லாம் படிக்கப் படிக்க அழுகையாக வருகிறது. குழந்தைக்கு நான்கு மாதம். பிரசவத்துக்குப் பிறகு வேதத்தைத் திறந்தது பத்து நாள்கூட இருக்காது. வேத வாசிப்புச் செயலியில் தொடர்ச்சி அறுந்துபோனது என்று சிவப்பாகக் காட்டுகிறது. திறக்கவே பயமாக இருக்கிறது.

எலத்தகிரி_டீச்சர் | ஜூன் 15, மதியம் 3:25

கண்ணு, முதலில் அந்த அறிவிப்பை அணைத்துவிடு. எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு போதும் ஆண்டவரே என்றபோது தூதர் அவருக்கு என்ன கொடுத்தார்? தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளை தண்ணீரும். சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னார். ஆண்டவருடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் நாற்பது நாள் கழித்து. உனக்கு இப்போது தூக்கமும் சாப்பாடும்தான் தேவை. பால் கொடுக்கும்போது ஒரு வரி வாயில் வந்தால் குழந்தைக்குப் பாட்டாகச் சொல். வராவிட்டால் விடு. வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளு, பாலக்கோட்டு அம்மா கேட்கிற மாதிரி.

மண்டி_கணக்கு | ஜூன் 18, இரவு 10:20

ஞாயிறு ஆராதனை முடிந்து வேப்பனப்பள்ளி பஸ் பிடித்தேன். பெரியவர் ஊரைக் கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். 532 ரூபாயை நீட்டி, கிரேட் எடையைத் தப்பாகக் கழித்தேன், சரியாக இருக்கிறது என்று உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். கைகால் நடுங்கியது. அவர் ரூபாயை எண்ணினார். 32 ரூபாயை எடுத்து என் கையில் திரும்ப வைத்து "பஸ்ஸுக்கு வெச்சுக்கோ" என்றார். எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று கேட்டார், சொன்னேன். "எங்க மாரியாத்தாளும் பாத்துட்டுத்தான் இருக்கா" என்றார். மோர் கொடுத்தார்.

திங்கட்கிழமை முதலாளியிடம் பேசினேன். கோபப்படவில்லை. "பக்கத்துல எல்லாம் மூணு கிலோ கழிக்கிறான், நான் ரெண்டரைதான். உனக்கு உறுத்தினா நீ தராசுப் பக்கம் நிக்க வேணாம், உள்ள வரவு நோட்டைப் பாரு" என்றார். நேற்றிலிருந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். தராசில் வேறு பையன் நின்று அதே இரண்டரை எழுதுகிறான். அந்தச் சீட்டெல்லாம் என்னிடம்தான் வருகிறது, நான்தான் கூட்டுகிறேன். என் கை சுத்தமாகிவிட்டதா?

பர்கூர்_வியாபாரி | ஜூன் 18, இரவு 10:45

தம்பி, அந்த 32 ரூபாயைப் படித்துவிட்டு என் மனசு கேட்கவில்லை. நான் அன்றைக்கு எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். நாளைக்கு என் கடைத் தராசை நான் பார்க்க வேண்டும்.

ராயக்கோட்டை_விசுவாசி | ஜூன் 19, காலை 6:00

பிரதர், தானியேல் முதலாம் அதிகாரம். ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று தானியேல் தீர்மானித்தான், ஆனால் பிரதானிகளின் தலைவனோடு சண்டை போடவில்லை. அவன் தலைக்கு ஆபத்து வரும் என்பதும் தானியேலுக்குப் புரிந்தது. அந்தத் தலைவன் வைத்திருந்த விசாரிப்புக்காரனிடம் "பத்துநாள்வரைக்கும்" சோதித்துப் பாரும் என்று கேட்டான். நீங்களும் முதலாளியிடம் பத்து நாள் கேளுங்கள். காலி கிரேட்டை விவசாயி கண் முன்னால் தராசில் வைத்து, வருகிற எடையைக் கழியுங்கள். பத்து நாள் வரவையும் முந்தின பத்து நாள் வரவையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். முதலாளிக்கு எது புரியுமோ அந்தப் பாஷையில் பேசுங்கள்.

ஓசூர்_நைட்ஷிப்ட் | ஜூன் 19, காலை 7:35

அண்ணா, இந்தப் பத்து நாளும் டீ பிரேக்கில் உங்களுக்காக ஜெபிப்பேன். பேப்பரில் எழுதிக்கொண்டேன்.

மண்டி_கணக்கு | ஜூலை 11, இரவு 9:50

மறுபடி பதினொன்றாம் தேதி. என்ன ஆனது என்று எழுத வந்தேன்.

முதலாளி பத்து நாள் கொடுத்தார். வரத்து கொஞ்சம் கூடியது. சீசன் உச்சம் என்பதால் கூடியதா, பேச்சு பரவியதால் கூடியதா என்று அவரும் சொல்லவில்லை, நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். கடைசியில் "ரெண்டு கிலோன்னு ரவுண்டா வெச்சுக்கலாம்" என்றார். 1.8 என்றேன். "ரெண்டு" என்றார். அந்த 200 கிராம் இன்னும் நிற்கிறது. 38 கிரேட்டுக்கு 7 கிலோ 600. அது எனக்குத் தெரியும், ஒவ்வொரு சீட்டிலும் பார்க்கிறேன். சீசன் முடிந்து கணக்கு முடிக்கும்போது மறுபடி பேசப்போகிறேன். என்னைத் திரும்பத் தராசுக்கே அனுப்பிவிட்டார்.

இப்போது காலையில் ஒரு அதிகாரம், ராத்திரி இரண்டு. காலையில் வாசித்ததில் ஒரு வரியைச் சீட்டுக் கட்டின் அட்டைக்குள் எழுதி வைக்கிறேன். சீட்டு கிழிக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். யாக்கோபு 5:4-ல் வேலைக்காரருடைய கூலி கூக்குரலிடுகிறது என்று இருந்ததை மூன்று நாளாக மாற்றாமலே வைத்திருக்கிறேன். எங்கள் மண்டியில் கிரேட் இறக்குகிற ஒடியாப் பையன்கள் நான்கு பேர், அவர்களுக்கு வாரக்கூலி எப்போதும் இரண்டு நாள் தாமதமாகத்தான் போகிறது. இதைப் பற்றி உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டும், ராயக்கோட்டை அண்ணே.

இன்று காலை அந்த வேப்பனப்பள்ளிப் பெரியவர் கடைசி லோடு கொண்டுவந்தார், 21 கிரேட். இறக்குவதற்கு முன்னாலேயே காலி கிரேட் ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து நின்றார். முள்ளை நான் படித்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். சொன்னேன்.